மருத்துவம் கற்றபின்: யாழ்ப்பாணத்து மருத்துவ மாணவரின் தொழில்வழிகளும் மேற்படிப்பும்

மருத்துவக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆசிரியரையும் பாடநூலையும் கட்டடத்தையும் பற்றியே எழுதுவர். கற்று வெளியேறிய மாணவர் எங்குச் சென்றனர், எவரிடம் ஊதியம் பெற்றனர், மேலும் கற்க விரும்பியபோது எந்தக் கதவு அவர்க்குத் திறந்தது, எது அடைபட்டது என்னும் வினாக்கள் நூலின் இறுதியில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவதுண்டு. ஆயினும் ஒரு கல்விமுறை நிலைப்பதும் அழிவதும் பெருமளவுக்கு இவ்வினாக்களிலேயே தங்கியுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டொக்டர் சமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நடத்திய மருத்துவப் பள்ளி இதற்குத் தக்க சான்றாகும். கிறீனைத் தமிழில் அறிவியல் எழுதியோரின் முன்னோடி எனப் போற்றுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது முற்றிலும் பொருத்தமானதே. ஆனால் அவர் தமிழை மேற்கொண்டதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. கற்ற மாணவன் பின்னர் எங்கே போய்ச்சேர்வான் என்ற கவலையும் அதற்குச் சம அளவிற் காரணமாகும். இச்செய்தி போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனோடு வந்தது. ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டு முதல் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பராமரித்தார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். அவரைத் தொடர்ந்து நேதன் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் மருத்துவப் பணி புரிந்து 1846இல் நாட்டை விட்டு நீங்கினார். இவ்விருவரும் இளைஞர் சிலருக்கு மருந்து கலத்தல், காயங்கட்டல் முதலியவற்றைக் கற்பித்தனர் எனினும், அது ஒழுங்கான பாடத்திட்டத்தோடு கூடிய கல்வியன்று. ஆசிரியரின் பக்கத்தில் நின்று கைவேலை பழகும் முறை அது. நம் நாட்டுப் பரியாரிமாரின் இல்லங்களில் மகனும் மருமகனும் கற்ற முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருந்ததெனக் கூறுவதற்கில்லை.

கிறீன் 1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தவர்; நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டு சில மாணவரைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இதே 1848ஆம் ஆண்டிலேயே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. நாலு மைலுக்கு உட்பட்ட நிலப்பரப்பில், ஒன்றையொன்று ஐயத்தோடு நோக்கிய இரு முயற்சிகள் ஒரே காலத்திற் கால்கொண்டன.

தொடக்கத்தில் மானிப்பாயிற் பயிற்றுமொழி ஆங்கிலமே. வந்த மாணவர் பெரும்பாலும் வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் கற்றுத் தேறியவர்கள் ஆதலின் இதிற் சிக்கல் எதுவும் எழவில்லை. உடற்கூறு, உடற்றொழில், மருந்தியல், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் ஆகியன கற்பிக்கப்பட்டன. மருந்தகத்துக்கு வரும் நோயாளரே மாணவர்க்குக் கண்கூடான பாடமாயினர். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் ஆதரவுடன் யாழ்ப்பாணப் பட்டினத்தில் நண்பர் தேவைச் சங்க ஆஸ்பத்திரி அமைந்தபோது, கிறீனின் மாணவர்க்கு மற்றொரு பயிற்சிக்களமும் கிடைத்தது. இந்த ஆஸ்பத்திரியே பிற்காலத்தில் அரசாங்கத்தின் கைக்கு மாறி, இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாக வளர்ந்தது.

இனிக் கற்று முடித்தவன் யாது செய்தான் என்பதைப் பார்ப்போம். அக்காலத்தில் அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது மிஷனின் மருந்தகங்களிற் பணியாற்றுதல். இதில் ஊதியம் குறைவு, மதிப்பு உண்டு. இரண்டாவது ஊரிலே தனியாக வைத்தியம் செய்தல். இது சொல்வதற்கு எளிதாயினும் நடைமுறையில் அரிதாயிருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த பரியாரியாருக்கு ஊரார் நெல்லாகவும் பிற விளைபொருளாகவும் கொடுத்துவந்தனர். பணமாகக் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கவில்லை. சீமை மருந்தைப் பணங்கொடுத்து வாங்கி வைத்திருக்கும் புதிய வைத்தியன் நெல்லை வாங்கிக்கொண்டு எவ்வாறு தொழில் நடத்துவான்? பரியாரியாரின் மருந்து கொல்லையிலும் காட்டிலும் விளைந்தது. இவனது மருந்தோ கப்பலில் வந்தது. இவ்வொரு வேறுபாடே கிராமத்துத் தொழிலின் பொருளாதாரத்தை மாற்றிவிடப் போதுமானது.

மூன்றாவது வழி அரசாங்க சேவை. 1858இல் இலங்கையில் குடியியல் மருத்துவத் திணைக்களம் படைத்துறையினின்றும் பிரிந்து தனியாக அமைந்தது. ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் ஒவ்வொன்றாகப் பெருகின. மாதச் சம்பளம், இளைப்பாற்றுச் சம்பளம், உத்தியோகத்தனுக்குரிய மதிப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே. ஆங்கிலம் அறிந்த மாணவன் அப்பக்கமே சாய்ந்தான். அவனைக் குறைகூறுவதற்கு இடமில்லை. காணியைப் பிரித்துப் பிரித்துத் துண்டாக்கிவிட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் ஒருவனுடைய உத்தியோகம் பலருடைய சோறாகவும் தங்கையரின் சீதனமாகவும் அமைந்தது. ஆயினும், பல ஆண்டுகள் பாடுபட்டுப் பயிற்றிய மாணவன் தேர்ச்சி பெற்றவுடன் வேறு மாகாணத்துக்குப் போய்விட, மானிப்பாயைச் சூழ்ந்த ஊர்களில் வைத்தியனின்றி மக்கள் மாள்வதைக் கிறீன் கண்டார். கொள்ளைநோய்க் காலங்களில் இக்குறை மிகக் கொடியதாகத் தோன்றியிருக்கும். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைத் தாக்கிய பேதிநோய் வரலாற்றிற் பெரிய அழிவுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கிறீனின் சிந்தனை தனித்து எழுந்ததன்று. 1855இல் அமெரிக்க மிஷனின் தலைமைச் சங்கத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் முதலியோர் யாழ்ப்பாணம் வந்து மிஷனின் கல்விப் பணியை ஆராய்ந்தனர். அதன் விளைவாக, 1823 முதல் புகழுடன் நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சமயப் பணிக்கு ஆயத்தஞ் செய்யாது அரசாங்க உத்தியோகத்துக்கே ஆயத்தஞ் செய்கிறது என்பது மூடியதற்கான காரணங்களுள் தலையாயது. செமினறியிற் கற்ற கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இரண்டே ஆண்டுகளின் பின், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளை தமிழகத்தில் அரசாங்கக் கணக்குத் திணைக்களத்திலும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். சங்க நூற் பதிப்பினால் அவர் தமிழுலகுக்குச் செய்த நன்மை வேறு. செமினறியின் தாபகர்களுடைய கண்கொண்டு பார்த்தால், அவர் ‘போய்விட்ட’ மாணவர்களுள் ஒருவரே. கல்வி கொடுப்போனின் நோக்கமும் கல்வி பெறுவோனின் நோக்கமும் ஒன்றாயிருப்பது அருமை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

கிறீன் 1857இல் அமெரிக்கா சென்று 1862இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலே நடத்தலானார். தமிழிற் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் எளிதிற் கிடையாது. ஆகவே அவன் தன் ஊரிலேயே தங்கித் தன் மக்களுக்கு வைத்தியம் செய்வான் என்பது அவர் கருத்து. மாணவர் தமிழர்க்குரிய உடையும் பழக்கவழக்கங்களும் விடாது கைக்கொள்ள வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாயிருந்தார். கிறிஸ்தவராதல் வேறு, பிறநாட்டாராதல் வேறு என்பது அவர் கொள்கை. மிஷனரிமாரிடையே மட்டுமன்றி, ஆங்கிலங் கற்ற யாழ்ப்பாணத்தாரிடையேயும் அக்காலத்தில் இக்கருத்து அரிதாகவே காணப்பட்டது.

தமிழிற் கற்பிப்பதற்கு நூல் வேண்டும். முதற் பணிக்காலத்திலேயே கிறீன் இதனைத் தொடங்கியிருந்தார். கல்வின் கட்டரின் நூலைத் தழுவிய ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ 1852இல் வெளிவந்தது. மோன்செல்லின் நூலைத் தழுவிய ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், துருவிற்றின் நூலைத் தழுவிய ‘இரண வைத்தியம்’ 1867இலும், கிரேயின் நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, கூப்பரின் நூலைத் தழுவிய ‘வைத்தியாகரம்’ ஆகியன 1872இலும் தொடர்ந்து வந்தன. ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘மனுஷ சுகரணம்’ 1883இலும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் வெளியாயின. இவற்றின் மொத்தப் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்படும். தமிழில் வழங்கும் சொல் இருப்பின் அதனையும், இல்லாதவிடத்து வடசொல்லையும், அதுவும் பொருந்தாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்திலும் கையாளுதல் அவரது முறை. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே மூன்றாவது வகைக்கு உதாரணமாகும். இன்று ‘இரசாயனவியல்’ என வழங்கும் நமக்கு அது செவிக்கு இனிமையாகத் தோன்றாதிருக்கலாம். ஆனால் கலைச்சொல்லுக்காகக் காத்திராமல் நூலை எழுதி முடித்த துணிவு அதிலே தெரிகின்றது.

இந்நூல்கள் கிறீன் ஒருவரின் கைவேலையல்ல என்பதை அழுத்திக் கூறவேண்டும். டன்போர்த், போல், சாப்மன் முதலிய அவருடைய மாணவர்களே மொழிபெயர்ப்பில் தோளோடு தோள் நின்றனர். மருத்துவம் கற்றவனுக்கு வைத்தியத் தொழிலன்றி வேறொரு தொழிலும் உண்டு, அதாவது தன் அறிவைத் தன் மொழியில் எழுதும் தொழில், என்பதை இவர்கள் வாழ்வில் காட்டினர். மாணவர் ஆசிரியரானதும், ஆசிரியர் நூலாசிரியரானதும் ஒரே பள்ளியில் இருபது ஆண்டுக்குள் நிகழ்ந்தன. கிறீனின் காலத்தில் மொத்தமாக அறுபதுக்கு மேற்பட்டோர் மருத்துவம் பயின்று வெளியேறினர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிற் பயின்றவர்.

எனின் இத்தமிழ் வைத்தியர்க்கு மேற்படிப்பு எங்கே இருந்தது? இவ்வினாவிலேதான் கிறீனின் திட்டத்தின் பலவீனம் வெளிப்படுகின்றது. ‘இரண வைத்தியம்’ வெளியான 1867ஆம் ஆண்டிலேயே ஜோசப் லிஸ்ரர் காயங்களைக் கார்போலிக் அமிலத்தாற் காக்கும் முறையைப் பற்றிய கட்டுரைகளை ‘லான்செற்’ ஏட்டில் வெளியிட்டார். அறுவைச் சிகிச்சையின் போக்கையே அவை மாற்றின. ஆகவே மானிப்பாய் மாணவன் கையிலே புதிய நூலாக வந்த நூல், அச்சு மை உலருமுன்னரே பழைய நூலாகத் தொடங்கிவிட்டது. ஆங்கிலம் அறிந்தவன் அடுத்த பதிப்பை வாங்கலாம். ஏட்டுக்குச் சந்தா கட்டலாம். தமிழ் மட்டும் அறிந்தவன் அடுத்த மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும்; அதுவோ வரவில்லை. றொபேட் கொக் 1882இல் காசநோய்க் கிருமியையும், அடுத்த ஈராண்டுகளில் பேதிநோய்க் கிருமியையும் பற்றிய தம் ஆராய்ச்சிகளை வெளியிட்டபோது, தமிழ் நூல்களில் அச்செய்தி சேர்வதற்கு வழியிருக்கவில்லை. ஒரு மொழியில் ஓர் அறிவியலை ஒருமுறை எழுதிவிடுவது முடிவன்று; அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஆட்களும் ஏடுகளும் வேண்டும். கிறீன் நூல்களைத் தந்தார். ஏட்டினைத் தர அவர்க்குக் காலம் போதவில்லை.

வங்காளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மற்றொரு குறையும் புலனாகும். கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835இல் ஆங்கில வழியில் தொடங்கியது. ஆனால் 1839இல் இந்துஸ்தானி வகுப்பும், 1852இல் வங்காளி வகுப்பும் அங்கு சேர்க்கப்பட்டன. பின்னர் 1873இல் வங்காளி வகுப்பு சியால்டாவிலே கம்பெல் மருத்துவப் பள்ளியாகத் தனித்து இயங்கிற்று. இவ்வகுப்புகளிற் கற்றோர் பட்டதாரிகளினும் தாழ்ந்த நிலையிலேயே வைக்கப்பட்டனர் என்பது உண்மை. எனினும் படைப்பிரிவுகளிலும் மாவட்ட மருந்தகங்களிலும் சிறைச்சாலைகளிலும் அவர்க்கென உரிய பதவிகளை அரசாங்கம் ஏற்படுத்தியிருந்தது. தாய்மொழியிற் கற்றால் சிறிய உத்தியோகமாயினும் ஓர் உத்தியோகம் உறுதி என்ற நிலை அங்கிருந்தது. யாழ்ப்பாணத்தில் அவ்வாறு இல்லை. உத்தியோகம் இல்லாமை ஒரு குறையாகவன்றித் திட்டத்தின் நோக்கமாகவே இங்கு கொள்ளப்பட்டது. மாணவனை ஊரிற் கட்டிப்போடும் கயிறாக அவனுடைய மொழியே பயன்பட்டது. கிறீனின் நெஞ்சம் தூயது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒருவனுக்குக் கதவுகளை அடைத்துவிட்டு அவன் தங்கியிருப்பதைத் தொண்டு எனல் எவ்வளவுக்குப் பொருந்தும் என்று இன்றைய மாணவன் கேட்பானாயின், அக்கேள்வி நியாயமானதே.

கொழும்பில் மாறான காட்சி தோன்றியது. வன்னியில் பறங்கிநோயினாலும் பஞ்சத்தினாலும் குடிகள் குறைந்துவருவதைப் பற்றி, வட மாகாணத்திற் கடமையாற்றிய டொக்டர் ஜேம்ஸ் லூஸ் ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தார். நாட்டிலே மருத்துவர் போதாமை அவ்வறிக்கையால் அரசாங்கத்துக்கு வெளிப்பட்டது. 1870இல் ஆள்பதி சேர் ஹேர்க்கியூலிஸ் றொபின்சன் கொழும்பு மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார்; லூஸ் அதன் முதல் தலைவரானார். வன்னித் தமிழரின் நோயே கொழும்புப் பள்ளிக்கு வித்திட்டது என்பதும், அப்பள்ளியின் வருகையே மானிப்பாய்த் தமிழ்ப் பள்ளியின் தேய்வுக்கு ஒரு காரணமாயிற்று என்பதும் வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும்.

கொழும்புப் பள்ளியிற் பயிற்றுமொழி ஆங்கிலம். அங்கு கற்றவனுக்குத் திணைக்களத்தில் இடம் உண்டு. 1880இல் அப்பள்ளி கல்லூரி நிலைக்கு உயர்ந்து மருத்துவ, சத்திர சிகிச்சை உரிமப் பத்திரம் வழங்கும் தகுதி பெற்றது. அப்பத்தாண்டு முடிவதற்குள் பிரித்தானிய மருத்துவச் சபையும் அதனை அங்கீகரித்தது. இதனால் கொழும்பில் உரிமம் பெற்றவன் பிரித்தானியாவிலும் தொழில் செய்யத் தகுதியுடையவனானான். எடின்பரோவுக்கும் இலண்டனுக்கும் சென்று மேற்பட்டங்கள் பெற்றுத் திரும்பும் பாதை திறந்தது. முன்னர்க் கல்கத்தாவுக்குச் சென்று கற்ற சிலர்க்கே வாய்த்த நிலை இப்போது கொழும்பிலிருந்தே கைக்கெட்டியது. லூஸ் தாமும் கல்கத்தாவிற் கற்றவரே.

அதே காலத்தில் வேறு தொழில்வாய்ப்புகளும் பெருகின. தோட்டத் தொழிலாளரின் மருத்துவ வசதிக்காக 1872இல் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கோப்பித் தோட்ட மாவட்டங்களில் மருத்துவ உத்தியோகத்தர் தேவைப்பட்டனர். அத்தொழிலாளருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். நோயாளன் தமிழ் பேசினான். நோயாளனின் வரலாற்றை எழுதும் பதிவேடும், துரைக்கும் திணைக்களத்துக்கும் அனுப்பும் அறிக்கையும் ஆங்கிலத்தில் அமைந்தன. தமிழில் மருத்துவம் கற்றவனுக்கு மிகப் பொருத்தமான இவ்விடத்திலே, தமிழே அவனுக்குத் தடையாயிற்று. அப்போதிக்கரிமாராகவும் மருந்து கலப்போராகவும் மலைநாட்டுக்குச் சென்ற யாழ்ப்பாணத்தார் ஆங்கிலம் கற்றவர்களே. நூற்றாண்டின் இறுதியில் மலாயா நாட்டுக்குப் புகைவண்டிப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் வேலைதேடிச் சென்றவர்களோடு, அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் ‘டிறெசர்’ வேலைக்குச் சென்றோரும் பலராவர். மணியோடர் வரும் வீடு எது, வராத வீடு எது என்று ஊரார் எண்ணிப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. எந்த மொழியிற் கற்பது என்னும் வினாவுக்குப் பெற்றோர் அளித்த விடை அந்த எண்ணிக்கையிலிருந்தே பிறந்தது.

மிஷனும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. செமினறி மூடப்பட்ட வட்டுக்கோட்டையிலேயே, ஊராரின் வேண்டுகோளினாலும் முன்னைய மாணவரின் முயற்சியினாலும், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி ஆங்கிலக் கல்வியோடு தோன்றியது. அடுத்த ஆண்டு, 1873இல், கிறீன் உடல்நலங் குன்றி அமெரிக்கா திரும்பினார். மானிப்பாய்ப் பணியை அவர் மாணவர் தொடர்ந்தனர். தமிழ்வழி மருத்துவக் கல்வியோ நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1905இல் மருத்துவர் பதிவுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் வந்தபோது, கல்லூரி உரிமமே வைத்தியனின் அடையாளம் என்ற நிலை உறுதிப்பட்டது.

பெண்களின் நிலை தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. எனினும் ஒன்றைக் குறிப்பிடாது விடுவதற்கில்லை. ‘பிரசவ வைத்தியம்’ தமிழில் 1857இலேயே வந்துவிட்டது. அதனைக் கற்றவரோ ஆடவர். ஆண் வைத்தியனைப் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுள் அனுமதியாத சமூகத்தில் அந்நூல் எவ்வளவு பயன்பட்டிருக்கும்? மருத்துவிச்சியர் தம் வழக்கப்படியே தொழில் செய்தனர். கொழும்புக் கல்லூரி 1892இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1898இல் இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி பெண்களுக்கென அமைந்தது. அங்கு பெண் வைத்தியரும் பயிற்சி பெற்ற தாதியரும் கடமையாற்றத் தொடங்கியபோதுதான், யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு மருத்துவத்துறை ஒரு தொழிலாகவும் தோன்றலாயிற்று.

கிறீன் எதிர்நோக்கிய சிக்கல் அவரோடு மறைந்துவிட்டதெனக் கருதுவோர் பிற்கால வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது கொழும்புக் கல்லூரி அதன் மருத்துவ பீடமாயிற்று. 1962இல் பேராதனையிலும் 1978இல் யாழ்ப்பாணத்திலும் மருத்துவ பீடங்கள் அமைந்தன. பள்ளிக் கல்வி தாய்மொழிக்கு மாறியபின்னும் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தை விடவில்லை. பட்டதாரிகள் நாட்டை விட்டு அகலாதிருத்தற்பொருட்டு 1961இல் கட்டாய அரச சேவைச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கிறீன் மொழியால் செய்ய முயன்றதை அரசாங்கம் சட்டத்தால் செய்ய முயன்றது எனலாம். மேற்படிப்புக்குப் பிரித்தானியாவையே நம்பியிருந்த நிலையை மாற்றும் நோக்குடன் 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் ஏற்பட்டது. இது மேற்கூறிய இரண்டினும் சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. தடுப்பதற்குப் பதிலாக, தேடிப் போகும் பொருளை இங்கேயே கொடுக்க முற்பட்டது அது. ஆயினும் பல துறைகளில் நிபுணராக ஏற்கப்படுவதற்கு வெளிநாட்டிற் சிறிது காலம் பயிற்சி பெறுதல் வேண்டும் என்ற விதியும் உடன் இருந்தது. அப்பயிற்சிக்குச் சென்றவர்களுள் திரும்பாதவரும் உளர். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்பன பிற்காலத்திற் பட்டப் படிப்புகளானபோது அவற்றின் பட்டதாரிகளும் இதே சந்தியில் வந்து நின்றனர்: அரசாங்க நியமனத்துக்குக் காத்திருப்பதா, தனியார் துறைக்குச் செல்வதா, மேலும் கற்பதா, கடல் கடப்பதா?

கிறீனின் இறுதிக் காலம் வூஸ்ரரிற் கழிந்தது. யாழ்ப்பாணத்தை விட்டுப் பதினொரு ஆண்டுகள் சென்ற பின்னும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. மானிப்பாயிலும் நாகர்கோயிலிலும் அச்சாகும் நூல்களுக்கான கையெழுத்துப் பிரதிகள் அமெரிக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே கப்பலிற் சென்று வந்தன. ‘மனுஷ சுகரணம்’ வெளியான அடுத்த ஆண்டு, 1884 மே மாதத்தில், அவர் இறந்தார். தம் கல்லறையில் தாம் தமிழர்க்குரிய மருத்துவ ஊழியர் எனப் பொறிக்கப்படவேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. அவ்வாண்டிலே, ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மருத்துவம் பயிலக் கொழும்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர்.